கேட் திறந்தால்தான் குழந்தை

1

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டு பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பூட்டிய கேட் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். நான் இப்போது இருக்கும் டொரண்டோவில்தான் யாருக்கும் தெரியவில்லை. போன டிசம்பரில் இங்கே ஒரு பூட்டிய கேட்டைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. எல்லார் கையிலும் ஒயின் கிளாஸ். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, ரொம்ப ஆழமாக இருக்கிறது என்றார்கள். அந்தக் கேட்டைச் செய்தவள் என் மகள் அனிதா.

அவள் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். ஆனால் ஓவியம் வரைவதில்லை. 'இன்ஸ்டலேஷன்' என்கிறாள். ஒரு கூடத்தில் பொருள்களைக் கொண்டுவந்து நிறுத்தி, அந்தக் கூடத்தையே படைப்பாக்குவது. என் கணவர் நண்பர்களிடம் பெருமையாக, மகள் இன்ஸ்டலேஷன் படிக்கிறாள் என்று சொல்லப்போக, எங்கள் வீட்டு ஹீட்டரையும் வந்து மாட்டித் தருவாளா என்று கேட்டார்கள். அவரும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் கல்லூரிக் கூடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். காயலான் கடையிலிருந்து வாங்கிய பெரிய இரும்பு கேட். சங்கிலி, பூட்டு. கேட்டுக்கு வெளியே, நாம் நிற்கும் பக்கத்தில், தகரமும் பேக்கிங் பலகையும் வைத்துக் கட்டிய ஒரு குடிசை. வைக்கோல். சாக்குத் துணியில் முகமில்லாத இரண்டு உருவங்கள். நடுவில் ஒரு தீவனத் தொட்டி. தொட்டி காலி.

அவளுடைய பேராசிரியர், கடவுள் வராமல் போன காலத்தைப் பற்றிய படைப்பு இது என்று சொன்னார். இன்னொருவர், இல்லை, இது அகதிகளைப் பற்றியது என்றார். ஒரு வயதான அம்மாள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அழுதாள். பிறந்த அன்றே போன தன் பிள்ளை நினைவுக்கு வந்ததாம். நான் சீஸ் துண்டு வைத்த பேப்பர் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. இது என் அப்பாவின் குடில். அவர் வேலை போன கேட். ஒருவர் வாயிலும் கதவடைப்பு என்ற சொல் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்தத் தொட்டியில் இருக்க வேண்டிய குழந்தை, அங்கிருந்து அரைமணிப் பயணத்தில், என் சமையலறை அரிசி டிரம்முக்குள் இருந்தது. அது என் மகளுக்குத் தெரியாது.

2

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம். கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவர் வீட்டில்தான் குழந்தை இயேசு சொரூபம் வருடம் முழுக்க இருக்கும். டிசம்பரில் குடில் எழும்பும். மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் வந்து நிற்கும். தொட்டி மட்டும் காலியாக இருக்கும். இருபத்துநாலாம் தேதி நள்ளிரவுப் பூசையில், மணி அடிக்கும்போது சாமியார் குழந்தையைக் கொண்டுவந்து கிடத்துவார். அதற்கு முன்னால் வைத்தால் கிழவிகள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். பிறக்காத பிள்ளையை யார் படுக்க வைப்பார்கள்?

என் அப்பா சவரிமுத்து, எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். குடில் கட்டுவது அவர் வேலை. அயனம்பாக்கம் ஏரியில் கோரை அறுத்து, களிமண் அள்ளி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். குழந்தையை அம்மா அரிசி டிரம்மில் வைத்திருப்பாள். அது மாவுப் பொம்மை, மழைக்காலத்தில் ஈரம் இழுத்து உப்பிவிடும். அரிசிக்குள் புதைத்துவைத்தால் ஒன்றும் ஆகாது.

அதே கம்பெனியில் பர்சனல் ஆபீசராக இருந்த பெர்னாட் சாரும் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான். அவர் ஒரு வருடம் புதிய சொரூபங்கள் முழு செட்டும் வாங்கிக் கொடுத்தார். மூக்கு உடைந்த பழைய மாதாவும் சூசையப்பரும் சாமான் அறைக்குப் போனார்கள். ஆனால் புதிய குழந்தையை ஜனங்கள் ஏற்கவில்லை. காய்ச்சல் வந்த பிள்ளைகளைப் பழைய குழந்தையின் காலைத் தொடவைத்துப் பழகியவர்கள். தொட்டுத் தொட்டு அதன் வலது கால் கட்டைவிரல் தேய்ந்தே போயிருந்தது. கடைசியில் பெர்னாட் சார் புதியதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார். ஆக, புது அப்பா அம்மாவுக்குப் பழைய பிள்ளை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பரில் அந்தக் கம்பெனி கேட்டைப் பூட்டியது. கூலி ஒப்பந்தத் தகராறு. என் கணவர் அப்போது மஸ்கட்டில். நானும் நான்கு வயது அனிதாவும் அப்பா வீட்டில் இருந்தோம். அப்பா தொழிற்சங்கத்தில் இருந்ததால், கோயில் கமிட்டி அந்த வருடம் குடில் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தது. கமிட்டித் தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அதுதான்.

 அப்பா, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கேட்டு, சாமான் அறையிலிருந்த பழைய மாதாவையும் சூசையப்பரையும் தூக்கிக்கொண்டு போய், கம்பெனி கேட்டுக்கு வெளியே குடில் கட்டினார். வால்வு அனுப்பும் பேக்கிங் பலகை, பழைய தகரம். அவரோடு வேலை செய்த ஏழுமலை தன் எருமைக்கு வைத்திருந்த வைக்கோலைக் கொண்டுவந்து போட்டார். கட்டி முடித்ததும் அவர்தான் கேட்டார்.

"இன்னா அண்ணாத்தே, தொட்டி காலியா கீது? புள்ள எங்க?"

"கேட்டு தொறக்கட்டும். அப்பறம்தான் கொயந்த உள்ள வரும்" என்றார் அப்பா.

சும்மா சொன்னதுதான். டீக்கடையில் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, சாயங்காலத்துக்குள் எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலை கேட்டின் முன் நின்றவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். அப்புறம் அது அப்பாவின் வாயில் இருந்த சொல் இல்லை. சாமிக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனை ஆகிவிட்டது.

3

கண்காட்சி தொடங்கிய மறுநாள் அனிதா வீட்டுக்கு வந்தாள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலை ஷிப்டு முடித்து வந்து சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அந்தக் கேட்டுக்காகப் பட்ட பாட்டைச் சொன்னாள். வைக்கோலைக் கூடத்துக்குள் கொண்டுவர தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும். ஒரு அதிகாரி வந்து பிடி வைக்கோலைக் கொளுத்திப் பார்த்திருக்கிறார். பிறகு மருந்து தெளித்து, எரியாத வைக்கோலாக ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பூட்டுக்கும் நிபந்தனை இருந்தது. ஆபத்து நேரத்தில் உடனே திறக்க வேண்டும் என்பதால், சாவி எப்போதும் அனிதாவின் பையில் இருக்க வேண்டும். இவர்கள் நாட்டில் பூட்டு பூட்டுவதற்கும் திறப்பதற்கு உத்தரவாதம் கேட்கிறார்கள். எங்கள் கம்பெனிக்கு அந்த அதிகாரி வந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

அதைச் சொல்லாமல், தொட்டியை ஏன் காலியாக விட்டாய் என்று கேட்டேன்.

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நம்ம ஊர்ல காலியாத்தானேம்மா வைப்பாங்க? குழந்தை வைக்கிறது இந்த ஊர்ப் பழக்கம்தானே?"

 நான்கு வயதில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த ஒரே ஒரு குடில். சில்லென்ற இரும்புக் கம்பியும் தகரக் கூரையும் வைக்கோல் வாசனையும்தான் அவளுக்கு ஞாபகம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் குடிலைப் பற்றிப் பேசவில்லை. இங்கே வந்து கோயிலில் குழந்தையைப் பார்த்தபோது, இது வெள்ளைக்காரர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். பதினாறு வயதில், ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும் என்றாள். நாங்கள் கத்திப் பார்த்தோம். பிறகு எழுப்புவதை விட்டுவிட்டோம்.

கதவடைப்பைப் பற்றி அன்றுதான் அவளிடம் முழுதாகச் சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் கொண்டா என்பாள், கொண்டுபோய்ப் பூட்டிய கேட்டின் முன் கிடத்திவிடுவாள். அது நடக்கக் கூடாது.

எல்லாம் கேட்டுவிட்டு, "அது தாத்தாவோட அர்த்தம்மா. அந்த எடத்துல அது அப்படி. இங்க வேற எடம், வேற அர்த்தம்" என்றாள்.

பொருளின் அர்த்தம் பொருளுக்குள் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது என்று அவள் பேராசிரியர் வகுப்பில் சொல்வாராம். பெரிய கண்டுபிடிப்பு. இதை அம்பத்தூரில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் பதினேழு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

4

அந்த டிசம்பரில் எங்கள் வீட்டில் எல்லாரும் அரிசி டிரம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியில் சொல்ல வெட்கம். மாதம் ஆக ஆக அரிசி இறங்கிக்கொண்டே வந்தது. இருபதாம் தேதி வாக்கில் குழந்தையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி மேலே தெரிய ஆரம்பித்தது. அம்மா ஆழாக்கால் அதைச் சுற்றி அரிசி எடுப்பாள்.

இருபத்துநாலாம் தேதி பொழுது சாயும் நேரத்தில் பங்குச் சாமியாரும் பெர்னாட் சாரும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். அம்மா நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள்.  எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியாதவர் அங்கே யாருமில்லை.

சாமியார் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் கேட்டார். "சவரி, குழந்தையக் குடுத்துடுப்பா. ஜனங்க வந்து நிப்பாங்க."

அப்பா கைகட்டி நின்றார். "குடுக்கறேன் சாமி. ஆனா அதோட ஆத்தாளும் அப்பனும் கேட்டாண்ட தெருவுல நிக்கறாங்களே. அவங்கள அங்க உட்டுட்டு, கொயந்தய மட்டும் எப்பிடிக் குடுக்கறது?"

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். 

பெர்னாட் சார்தான் பதில் சொன்னார். அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், கெட்டவர் மாதிரியும் பேசவில்லை. பொங்கல் கழித்து ஆள் எடுக்கப்போகிறார்கள், முதல் பட்டியலிலேயே அப்பாவின் பெயர் இருக்கும், அதற்குத் தான் பொறுப்பு என்றார். குடிலை மட்டும் எடுத்துவிட வேண்டும், குழந்தையைக் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். கொடுத்துவிடு என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கும் அதேதான். உள்ளே அனிதா பசிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் தொறப்பீங்களா சார்?" என்றார் அப்பா.

"அது என் கையில இல்ல. உனக்கு மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

"அப்ப அது கேட்டு இல்ல சார். எலி வளை."

பெர்னாட் சாரின் முகம் சிவந்தது. அது கோயில் சொத்து, போலீஸில் சொல்லி எடுத்துக்கொள்ள முடியும் என்று எழுந்தார். அவருடைய கண் சமையற்கட்டுப் பக்கம் போனது. பங்கு முழுக்கத் தெரியும், குழந்தை எங்கே இருக்கும் என்று.

கொடுத்துவிடு என்று இருந்த என் அம்மா அப்போது எழுந்து உள்ளே போனாள். அரிசி டிரம்மின் மூடிமேல் போய் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண்பிள்ளையை எழுப்பிவிட்டு டிரம்மைத் திறக்க அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை. சாமியார், போவோம் பெர்னாட் என்றார்.

அன்றைக்குப் பூசையில் கன்னியர் மடத்திலிருந்து ஒரு ரப்பர் பொம்மையை வாங்கிக் கிடத்தினார்களாம். கிட்டே போய்ப் பார்த்தவர்கள், அது கண்ணைச் சிமிட்டியது என்றார்கள். அப்பா பூசைக்குப் போகவில்லை. தொட்டிக்குக் குழந்தையைக் கொண்டு போகாதவன் எந்த மூஞ்சியோடு கோயிலுக்குள் போவது என்றார். கேட்டு திறந்ததும் போகிறேன் என்றார்.

5

பண்டிகைக்கு அடுத்த நாள் போலீஸ் வேன் வந்தது. கம்பெனி வாசலை மறித்துக் கட்டியிருப்பதாகப் புகார். நானும் அனிதாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் குடிலின் முன் ரொம்ப நேரம் நின்றார். தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவருக்கே குழப்பம். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "இதே பொம்மைய நீ கோயில்ல வச்சா, நானும் வந்து கும்புட்டுட்டுப் போவேன்யா. கேட்டுல வச்சா நான் கேஸ் போடணும்."

அவ்வளவுதான். என் மகளின் பேராசிரியர் வருடம் முழுக்கச் சொல்வது இதைத்தான்.

பிரிக்க வந்த கான்ஸ்டபிள் முதலில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். மாதாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் தூக்கினார். அப்பாவையும் ஏழுமலையையும், மாதாவையும் சூசையப்பரையும் ஒரே வேனில் ஏற்றினார்கள். மனிதர்களைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். சொரூபங்கள் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியிலேயே நின்றன. ஒரு மாதம் கழித்து ஏழுமலை வந்து, மாதாவுக்கு யாரோ மஞ்சள் பூசி, பூ வைத்து, சூடம் கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொன்னபோதுதான் அப்பா பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

6

அந்தக் கேட் திறக்கவே இல்லை. பொங்கலுக்குப் பிறகு பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்தார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக அதன் வழியே உள்ளே போனார்கள். அப்பா போகவில்லை. சென்னீர்குப்பத்தில், பெங்களூர் ரோட்டு ஓரத்தில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தார். என்ன வேலை என்று கேட்டால், "எவன் ஊட்டுக்கோ கேட்டு செஞ்சுகினு கீறேன்" என்பார். சில வருடத்தில் கம்பெனி விற்கப்பட்டது. மதிலோடு கேட்டையும் இடித்துவிட்டார்கள்.

திறப்பதற்கு இனிமேல் கேட்டே இல்லை. குழந்தை டிரம்மிலேயே கிடந்தது. அப்பா கோயில் வாசலை மிதிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கனடாவுக்குக் கிளம்பினோம். பெட்டி கட்டும்போது அப்பா துணியோடு குழந்தையைக் கொண்டுவந்து என் புடவைகளுக்கு நடுவில் வைத்தார். "இங்க எதுவும் தொறக்காது. நீ எத்துகினு போ. அங்க எதுனா தொறந்தா வையி" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று நான் கேட்கவில்லை.

டொரண்டோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி துணியைப் பிரித்தார். இது என்ன என்றார். எனக்கு அப்போதிருந்த இங்கிலீஷில், குழந்தை என்றேன். யாருடைய குழந்தை என்றார். என் அப்பாவுடையது என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் வயிற்றைத் தட்டி, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று காதருகே குலுக்கினார். அதைப் பறித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் எதையோ எழுதி, முத்திரை குத்தி, போ என்றார். அனிதா அப்போது என் கணவரின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து அது என் அரிசி டிரம்மில் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா போன் செய்வாள். போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் அழுதாள். "சாமியார உள்ள உடாதன்னுட்டார்டி. இப்பிடியே கண்ண மூடிட்டா, கோயில் கல்லறையில எடம் குடுப்பாங்களா? எந்த மண்ணுல கொண்டுபோய் வெக்கறது? எங்கியாவது ஒரு கேட்டாண்ட அத வச்சித் தொலச்சிடும்மா."

அம்மா சொல்வது நியாயம்தான். ஆனால் ஏதோ ஒரு கேட்டில் வைத்துவிட்டு, வைத்துவிட்டேன் என்று அப்பாவிடம் பொய் சொல்ல என்னால் முடியாது. அவர் உடனே கேட்பார், யார் திறந்தது என்று.

7

கல்லூரியில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பூட்டுவதற்கு முன் கூடத்தைக் காலி செய்தாக வேண்டும். இருபத்துநாலாம் தேதி மதியம் வரை நேரம் கொடுத்திருந்தார்கள். துணைக்கு வாம்மா என்று அனிதா கூப்பிட்டாள். அவளாக என்னைக் கூப்பிடுவது வருடத்துக்கு ஒரு தரம்தான்.

கிளம்பும்போது அரிசிக்குள் கைவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. துணியோடு எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அதை மடியில் பிடித்திருந்தபோது, பதினேழு வருடத்துக்கு முன் அம்மா டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

கூடத்தில் லாரிக்காரர்கள் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்டைக் காயலான் கடைக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். காவலாளி ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார். படைப்பின் பெயர் எழுதிய அட்டையைச் சுவரிலிருந்து ஏற்கெனவே உரித்திருந்தார்கள். அது இல்லாமல் அந்தக் கேட்டும் தகரமும் வைக்கோலும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. ஆழமாக இருக்கிறது என்று சொல்ல அங்கே யாருமில்லை. சாமான் தூக்க வந்தவர்களும், நேரமாகிறது என்று நிற்பவர்களும்தான். கம்பெனி வாசல் மாதிரி இருந்தது.

லாரிக்காரன் சங்கிலியை இழுத்துப் பார்த்து, வெட்டிவிடவா என்றான்.

"வேணாம், சாவி இருக்கு" என்றாள் அனிதா.

ஜீன்ஸ் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் போட்டாள். சங்கிலி தரையில் விழுந்தது. அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தள்ளினாள். அந்தப் பழைய கேட் கிரீச்சிட்டுக்கொண்டு மெதுவாக, முழுக்கத் திறந்தது.

 இது அம்பத்தூர் இல்லை, இது கம்பெனி இல்லை, இன்னும் ஐந்து நிமிடத்தில் இது பழைய இரும்பு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் அப்பாவின் குடிலுக்கு முன்னால் இருந்த ஒரு கேட் என் கண்ணெதிரே திறந்திருக்கிறது. சந்துக் கதவு இல்லை. நடுவாசல். திறந்தவள் அவர் பேத்தி. லாரிக்காரன் தொட்டியைத் தூக்கக் குனிந்தான்.

நில் என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவன் நின்றுவிட்டான். நான் பையைத் திறந்து, துணியைப் பிரித்து, குழந்தையை எடுத்து எரியாத அந்த வைக்கோலின் மேல் கிடத்தினேன்.

 லாரிக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மூன்று வாரம் அங்கே வந்து போனவர்களில் ஒருவருக்குக்கூட அப்படிச் செய்யத் தோன்றவில்லை. அனிதா தரையில் உட்கார்ந்து, ஒரு விரலால் அந்தத் தேய்ந்த கட்டைவிரலைத் தொட்டாள்.

"இது எங்கம்மா இருந்துச்சு?"

"நீ தெனம் சோறு தின்ன அரிசியில" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. காவலாளி கடைசி விளக்கை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

8

கல்லூரி வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் கார்டைப் போட்டு அப்பா வீட்டுக்குப் பேசினேன். இங்கே மதியம் என்றால் அங்கே நள்ளிரவு. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. முதல் மணியிலேயே அப்பா எடுத்தார். அம்மா பூசைக்குப் போயிருப்பதாகவும், தான் சும்மா விழித்திருப்பதாகவும் சொன்னார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். கேட் திறந்தது, குழந்தையை வைத்துவிட்டேன் என்று.

 

"யாரு தொறந்தது?"

"அனிதாப்பா."

"சாவி?"

"அவகிட்டதான் இருந்துச்சு."

"எல்லாருக்குமா தொறந்தா?"

திறந்த கேட்டின் வழியாக லாரிக்காரர்களும் காவலாளியும் வைக்கோலைச் சுமந்துகொண்டு போய்வந்தது ஞாபகம் வந்தது. ஆமாம்பா, எல்லாருக்கும்தான் என்றேன்.

அப்போது போனில் மணிச்சத்தம் கேட்டது. எங்கள் பங்குக் கோயில் மணி. அப்பா வீட்டுச் சன்னலிலிருந்து நன்றாகக் கேட்கும். குழந்தையைக் கிடத்தும் மணி. இரண்டு பேரும் அது ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம். கார்டில் நிமிடம் குறைந்துகொண்டிருந்தது.



"சரிம்மா, போனை வையி. சட்டை மாத்திகினு கோயிலுக்குப் போறேன். உங்கம்மா தனியாப் போயிருக்குது."